இருபது வயசுப் பெயர்

2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. கம்பஸ் எப்ப திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் மூன்று பேர் திருகோணமலைக்கு. மூன்று வீடும் உட்துறைமுக வீதிக்கு நடந்து போகிற தூரம்தான். வெயில் தாழ்ந்ததும் கடலோரக் கட்டில் போய்க் குந்துவோம். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து எங்கட கச்சான் பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

அப்படிக் குந்தியிருந்த ஒரு நாள்தான் போனில் 'திருகோணமலை துறைமுகம்' என்று தட்டிப் பார்த்தோம். ஒரு அசைன்மென்டுக்காக. வந்தது என்னவென்றால், 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதை. பிரிட்டிஷ்காரன் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள். அவற்றை இந்தியாவுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்ற செய்திகள். திமிங்கிலம் பார்க்கப் படகு, கடலைப் பார்த்த ஹொட்டல் அறை. எல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் குந்தியிருந்த கட்டுக்கு முன்னால் வலை உலர்த்திக்கொண்டிருந்த மனிதர் அந்தப் பத்துப் பக்கத்திலும் இல்லை. மூதூர் லாஞ்சு இல்லை. கரைவலை இல்லை. வாடை, சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிற யாருமே இல்லை.

சரி, நாங்களே ஒரு தளம் தொடங்குவோம் என்று முடிவெடுத்தோம். வேலைநிறுத்தக் காலத்தில் எடுக்கிற முடிவுகள் இப்படித்தான் இருக்கும்.

கொழும்பில் எஸ்.இ.ஓ. வேலை செய்கிற தெரிந்த அண்ணை ஒருவரிடம் கேட்டோம். அவர் முதல் வாயிலேயே, "புது டொமைன் வாங்காதைங்கோ, காசு வீண்" என்றார். "பழைய டொமைன் ஒண்டு எடுங்கோ. பத்துப் பதினைஞ்சு வயசு இருக்கவேணும். கூகிள் வயசைப் பாத்துத்தான் மேல போடும்." தன்னிடமே ஒன்று இருக்கிறதாம், 45,000 ரூபாய். புதுசு ஒன்று நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். எங்கட மூன்று பேரின் மஹாபொல காசையும் கூட்டினாலும் 45,000 வராது. ஆனால் அவர் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அது எங்களுக்குப் பழக்கமான நியாயம். மெயின் வீதியில் புதுக்கடை திறந்தால் யார் போகிறார்கள்? தாத்தா காலத்துக் கடையின் பெயர்ப்பலகையை வாங்கி மாட்டினால் வாடிக்கையும் கூடவே வரும்தானே.

பிறகு நாங்களே தேடத் தொடங்கினோம். ஒரு பழைய மாணவர் சங்கத்தின் பக்கத்தில் ஒரு இணைப்பு இருந்தது, அழுத்தினால் திறக்கவில்லை. இணைய ஆவணகத்தின் பழைய பிரதிகளில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தோம். திறந்தது. எங்கட ஊர்த் தளம்! எங்கட ஊரில் பிறந்து கனடாவில் இருக்கிற ஒருவர் தனியாளாக நடத்தியது. லாஞ்சு புறப்படும் நேர அட்டவணை, கரைவலைக்காரர்களின் சொற்கள், ஒழுங்கைகளின் பழைய பெயர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு 'தேடுகிறோம்' என்ற தலைப்பில் ஒரு நீளப் பக்கம். கீழே அவருடைய முழுப்பெயர், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எந்த வீதிக்காரர் என்பதெல்லாம் இருந்தது.

பதிவு விபரத்தைத் தேடிப் பார்த்தோம். டொமைன் பதிந்தது 2004. காலாவதியாகியிருந்தது. 'மீட்புக் காலம்' என்று காட்டியது. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், இதில்தான் எங்கட பிழை இருக்கிறது. டொட்கொம் போன்ற பெயர்களுக்குக் காசு கட்டாமல் விட்டால் உடனே பறிபோகாது. முதலில் கொஞ்ச நாள் சலுகை. பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதற்குள் பழைய சொந்தக்காரர் மட்டும், தண்டத்தோடு காசு கட்டி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் கடந்தால் இன்னும் 5 நாள் கிடந்து, ஆறாம் நாள் யார் முதலில் கையை நீட்டுகிறாரோ அவருக்கு. நாங்கள் பார்த்த அன்று மீட்புக் காலம் முடிய 19 நாள் இருந்தது.

அவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய அக்கா இரண்டு வீதி தள்ளித்தான் இருக்கிறார் என்பதும் தெரியும். போய்ச் சொல்லவில்லை. இருபது வயசுப் பெயர் ஒன்று நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கப்போகிறதே என்ற சந்தோசத்தில் நாள் எண்ணினோம்.

அந்த 19 நாளும் சும்மா இருக்கவில்லை, வாசித்தோம். வயசுக்கு உண்மையில் மதிப்பு இருக்கிறதா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரிய அளவில் ஒரு காப்புரிமை விண்ணப்பத்திலிருந்து. 2003 டிசம்பர் 31இல் கூகிள் தாக்கல் செய்தது, 2005 மார்ச்சில் வெளியே தெரியவந்தது. ஒரு ஆவணம் எப்போது முதலில் கண்ணில் பட்டது, அதற்கு வரும் இணைப்புகள் காலப்போக்கில் எப்படிக் கூடுகின்றன, குறைகின்றன என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். நல்ல தளக்காரர்கள் டொமைனுக்குப் பல வருசக் காசை முன்கூட்டியே கட்டுவார்கள், ஏமாற்றுக்காரர்கள் ஒரு வருசத்துக்கு மேல் வைத்திருப்பது அபூர்வம் என்றும் ஒரு வரி. டொமைன் விற்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பத்து வருசத்துக்குப் பதியுங்கள், கூகிள் மதிக்கும் என்று விற்கத் தொடங்கிவிட்டார்கள். காப்புரிமை எடுப்பது வேறு, அதைப் பாவிப்பது வேறு என்பதை யார் யோசிக்கிறார்கள்.

கூகிளின் ஆட்கள் இதை மறுத்துத்தான் வந்திருக்கிறார்கள். மற் கட்ஸ் 2010இல் ஒரு வீடியோவில், ஆறு மாத டொமைனுக்கும் ஒரு வருச டொமைனுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்ற கருத்தில் பேசினார். ஜோன் முல்லர் 2019இல் ட்விட்டரில், வயசு எதற்கும் உதவாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அத்தோடு விசயம் முடிந்துவிடவில்லை. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த அதே 2024 மே மாதத்தில் கூகிளின் உள் ஆவணங்கள் ஒரு தொகை வெளியே கசிந்தன. அதில் 'ஹோஸ்ட்ஏஜ்' என்று ஒரு பெயர். ஒரு தளத்தின் பக்கங்கள் முதன்முதல் கண்ணில் பட்ட திகதியைக் குறிப்பது. புதிதாக முளைக்கிற குப்பைத் தளங்களைத் தள்ளிவைக்கப் பயன்படுவது என்று குறிப்பு. உடனே எஸ்.இ.ஓ. அண்ணையிடமிருந்து வட்ஸ்அப் வந்தது: "பாத்தீங்களோ, நான் சொன்னன்தானே?"

எங்களுக்கு அப்படிப் படவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவனைக் கொஞ்ச நாள் சந்தேகத்தோடு பார்ப்பது ஒன்று. ஊரில் எண்பது வருசம் இருந்தவன் என்பதற்காக அவன் சொல்வதெல்லாம் சரி என்று எடுப்பது இன்னொன்று. அந்தக் குறிப்பு முதலாவதைப் பற்றியது. (வயசுக்குத்தான் மதிப்பென்றால் நாங்கள் இன்றைக்கும் யாகூவில்தான் தேடிக்கொண்டிருப்போம். கூகிளின் டொமைனே 1997 செப்டெம்பரில்தான் பதியப்பட்டது, யாகூ அதற்கு இரண்டரை வருசம் மூத்தது.)

எங்களை உண்மையாக யோசிக்க வைத்தது இதெல்லாம் இல்லை, அந்தப் பழைய தளத்தின் எழுத்துரு. ஆவணகப் பிரதியைத் திறந்தபோது திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவியலாகக் கிடந்தன. பாமினி! எங்கட வீடுகளில் அப்பாமார் கலியாணக் கார்ட் அடித்த அதே பாமினி. அதில் 'தமிழ்' என்று எழுதினால் கணினிக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழாகத் தெரியும். தேடுபொறி பார்ப்பது அந்த ஆங்கிலக் குவியலை. யூனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது, ஆனால் எங்கட வீட்டுக் கணினிகள் வரை அது வந்துசேரக் கனகாலம் எடுத்தது. அதற்குள் எத்தனையோ பேர் எழுதிக் குவித்துவிட்டார்கள்.

அதாவது அந்த மாமா இருபது வருசம் காசு கட்டி வைத்திருந்த தளத்தை, யாராவது 'மூதூர் லாஞ்சு' என்று தமிழில் தேடினால் கூகிளால் காட்டியிருக்கவே முடியாது. இருபது வயசுப் பெயர்தான். ஆனால் உள்ளே இருந்தது ஊமை.

இதையும் மதுரைத் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1998 பொங்கலுக்கு, சுவிற்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் தன்னார்வலர்களும் தொடங்கியது. அவர்களுடைய நூல்களும் யூனிகோட் இல்லாத காலத்துக் குறியீடுகளில்தான் இருந்தன. பிறகு இருந்து யூனிகோட்டுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்றைக்கு ஒரு சங்கப் பாட்டின் அரை வரியைத் தட்டினால் அங்கே போய் நிற்கிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் அப்படித்தான். ஈழத்தில் வந்த ஒரு பழைய சஞ்சிகையின் பெயரைத் தேடினால் முன்னுக்கு வந்து நிற்பது, அந்தச் சஞ்சிகையை வேறு யாரும் ஸ்கான் பண்ணிப் போடவில்லை என்பதால். கட்டுரை எழுதுகிறவர்கள், விக்கிப்பீடியாவில் மேற்கோள் போடுகிறவர்கள் எல்லோரும் அதற்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதாலும். ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பை வாக்குப்போல எண்ணலாம் என்பதுதான் 1998இல் சேர்ஜி பிரினும் லாரி பேஜும் எழுதிய கட்டுரையின் அடி யோசனை. இணைப்பு சேர வருசம் எடுக்கும். அதனால் பழைய தளம் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு வயசால்தான் மேலே இருக்கிறது என்று நினைக்கிறோம். சம்மாட்டிக்கு நரைத்த தலை என்பதற்காக மீன் வலையில் ஏறுவதில்லை. எந்தக் காற்றுக்கு எங்கே வளைக்கவேண்டும் என்பது தெரிந்திருப்பதால் ஏறுகிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம், சிரிப்புத்தான் வந்தது. ஒரு பெயர் முழுசாக விழுந்து புதிதாகப் பதியப்பட்டால் பதிவுத் திகதி அன்றைக்கே மாறிவிடும். 2004 என்று இருந்தது 2024 ஆகும். நாங்கள் வாங்கக் காத்திருந்த இருபது வயசு, எங்கட கைக்கு வரும்போது பூச்சியம். அப்படியென்றால் நாங்கள் உண்மையில் எதற்குக் காத்திருந்தோம்? அந்தப் பழைய மாணவர் சங்கப் பக்கத்திலிருந்து வந்த இணைப்புக்கு. அதுபோல வேறு பத்துப் பதினைந்து இடங்களில் யாரோ அந்த மாமாவை நம்பிப் போட்டிருந்த இணைப்புகளுக்கு. அது எங்களுக்குப் போட்டது இல்லையே.

இதை உணர்ந்தபோதாவது எழும்பிப் போயிருக்கலாம். இன்னும் நாலு நாள் இருந்தது. "வாங்கிப்போட்டு மாமாட்டச் சொல்லுவம், சந்தோசப்படுவார்" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

விழுந்த அன்று விடிய எழும்பிப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, பெயர் விழுகிற நொடியில் இயந்திரம் பிடித்துவிடும். எங்கட விரலுக்கு என்ன வேகம். மூன்று கிழமை கழித்து அந்த முகவரியில் ஒரு சூதாட்டத் தளம் வந்தது, இந்தோனேசிய மொழியில். 'தேடுகிறோம்' பக்கம் இருந்த முகவரியை அழுத்தினால் சுழல்கிற பழப்படங்களும் பணமும்.

அந்தப் பக்கத்தில் யார் யாருடைய பெயர்கள் இருந்தன என்று எங்களுக்குத் தெரியும். அன்று இரவு மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இது எங்கட ஊருக்கு மட்டும் நடந்தது இல்லை. 2024 மார்ச்சில் கூகிள் தன் விதிகளில் 'காலாவதியான டொமைன் துஷ்பிரயோகம்' என்று புதிதாக ஒன்று சேர்த்தது. பழைய ஆரம்பப் பள்ளிக்கூடத் தளத்தில் கசினோ என்பது அவர்களே கொடுக்கிற உதாரணம். தமிழில் இது கூடுதலாக வலிக்கும் என்று நினைக்கிறோம். எங்கட தளங்கள் பெரும்பாலும் தனி ஆட்களின் கைக்காசில் நிற்பவை. ஒருவருக்கு வருத்தம் வந்தால், வேலை போனால், தளமும் போகும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360க்கு ஏறியபோது இங்கே இருந்தவர்களுக்கு டொமைன் காசும் அப்படியே ஏறியது. பாண் வாங்கவே வரிசையில் நின்ற மாதங்களில் அதை யார் யோசித்திருப்பார்கள்.

அடுத்த நாள் அன்ரி வீட்டுக்குப் போனோம். பிளேன்ரீ தந்து, "என்ன பிள்ளையள், முகம் வாடிக் கிடக்கு?" என்றார். "அன்ரி, மாமாட நம்பர் இருக்கா?" என்று கேட்டோம். அவரே வீடியோ கோல் எடுத்துத் தந்தார். மாமாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். டொமைன் போனதே அவருக்குத் தெரியாது. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அவர் இப்போது திறக்காத பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கின்றன. சூதாட்டத்தைப் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

மறைக்காமல் சொன்னோம். 19 நாள் இருந்தது, வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், வயசான பெயர் என்றால் மேலே வரும் என்று சொன்னார்கள். அந்தப் பக்கம் கன நேரம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அன்ரி போனைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு கோல் எடுத்திருந்தா நூறு டொலரைக் கட்டி எடுத்திருப்பனே, தம்பி" என்றார் கடைசியில். அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அவரே எடுத்து, எழுத்தெல்லாம் பழைய சீடீ ஒன்றில் கிடக்கிறது, படங்களும் இருக்கிறது, அனுப்புகிறேன், போடுங்கோ என்றார். 'தேடுகிறோம்' பக்கத்தை மட்டும் அன்ரியிடம் கேட்டு, அந்தக் குடும்பங்களில் இங்கே இருக்கிறவர்களிடமும் கேட்டுத்தான் போடவேண்டும் என்றார்.

புது டொமைன்தான் வாங்கினோம். பாமினியை யூனிகோட்டுக்கு மாற்ற இணையத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் பாதி வேலையைத்தான் செய்யும். கொம்பு இடம் மாறும், எண்களும் நிறுத்தக்குறிகளும் கலைந்துபோகும். ஒவ்வொரு வரியாக வாசித்துத் திருத்தினோம். ஊர்ப் பெயரே தலையிடி. திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, ட்ரிங்கோ. மாமா ஒரே பக்கத்தில் நான்கையும் எழுதியிருந்தார். ஒன்றாக்குவோமா என்று யோசித்து, விட்டுவிட்டோம். ஆட்கள் அப்படித்தான் தேடுவார்கள், நாலு பேருக்கு நாலு எழுத்து. பழைய மாணவர் சங்கத்துக்கும், அந்த முகவரிக்கு இணைப்பு வைத்திருந்த மற்றவர்களுக்கும் எழுதி, எடுத்துவிடச் சொன்னோம். ஆறு பேர் பதில் போட்டார்கள். மற்ற இடங்களில் இன்றைக்கும் அழுத்தினால் பழப்படம்தான் சுழலும்.

முதல் இரண்டு மாதம் கூகிள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எஸ்.இ.ஓ. அண்ணை, "சொன்னன்தானே" என்றார். டிசம்பர் மாதம் ஒரு நாள், சும்மா, 'மூதூர் லாஞ்சு நேரம்' என்று தட்டினோம். முதலாவதாக நாங்கள். நாலு மாதத் தளம். கெட்டித்தனம் ஒன்றும் இல்லை, தமிழில் அதைப் பற்றி எழுதியது வேறு ஒருவரும் இல்லை என்பதுதான் காரணம். 'திருகோணமலை ஹொட்டல்' என்று தட்டினால் இருபதாம் பக்கத்திலும் எங்களைக் காணமுடியாது. அந்தப் போட்டிக்கு நூறு வயசு டொமைன் வைத்திருந்தாலும் போதாது.

யாருக்கு இன்றைக்கு அந்த நேர அட்டவணை தேவை என்று நீங்கள் கேட்கலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, பிறகு மூதூர்ப் பாதையின் மற்றப் பாலங்களும் வந்தன, லாஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காலம் போய்விட்டது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது, மூதூரில் இருந்து, எங்கட அம்மாமார் வயசுள்ள ஒரு ரீச்சர். யுத்த காலத்தில் தினமும் லாஞ்சில் வந்து திருகோணமலையில் படிப்பித்தவராம். பின்னேர லாஞ்சின் நேரம் பிழை, அட்டவணையில் இருப்பதற்கு அரை மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட்டுவிடும், அதை ஒரு நாள் தவறவிட்டுத் தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கினேன், அதனால் நல்ல ஞாபகம் என்று எழுதியிருந்தார்.

மாமாவுக்கு அனுப்பினோம். "ரீச்சர் சொல்றது சரியாத்தான் இருக்கும், மாத்துங்கோ" என்று பதில் வந்தது. மாற்றினோம்.